வாட்ஸ்அப் குரூப்பில் வேலை தொலையுதா? சின்ன டீமுக்கு எந்த புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் சரியா வரும்?

"அண்ணே, அந்த கோச்சடை பார்ட்டி டிசைன் என்னாச்சு?"

"நேத்தே குரூப்ல போட்டேனே தம்பி, பாக்கலையா?"

குரூப்பைத் திறந்து மேலே மேலே தள்ளினால் காலை வணக்கம் படம், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக், மூன்று வாய்ஸ் நோட், நடுவில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று நாலு ஃபைல். கஸ்டமர் ஓகே சொன்னது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தப்பானது பிரிண்டுக்குப் போய்விட்டால் நஷ்டம் ஓனருக்கு, திட்டு டிசைனருக்கு.

தேனி, கம்பம், திண்டுக்கல், கோவை பஸ்கள் கிளம்பும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்படி ஆறு பேர், எட்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் மாடி அறைகளுக்குப் பஞ்சமில்லை. வெப்சைட் செய்பவர்கள், கணக்கு எழுதுபவர்கள், ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள், விழா ஏற்பாட்டாளர்கள் என எல்லோரிடமும் ஒரு கட்டத்தில் யாராவது வந்து "ஒரு சாஃப்ட்வேர் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். அடுத்த கேள்வியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்த சாஃப்ட்வேர்?

இது என்னதான் செய்யும்?

பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். எந்த வண்டி உள்ளே வந்தது, எது எத்தனை மணிக்குக் கிளம்பணும், எது இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கும். டிரைவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் என்பது அந்த நோட்டுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு பொறுப்பாளர், ஒரு கடைசித் தேதி, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு, அதோடு சேர்ந்த ஃபைல்களும் பேச்சும் ஒரே இடத்தில். மற்றதெல்லாம் இதன் மேல் ஏற்றிய அலங்காரம்.

அந்த நோட்டை எப்படிக் காட்டுவது என்பதில்தான் வகை பிரிகிறது. ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் முறையில் வேலைகள் அட்டைகளாக நகரும். 'செய்யணும்', 'நடக்குது', 'முடிஞ்சது' என்று மூன்று பத்தி, இடமிருந்து வலமாக அட்டையைத் தள்ளிக்கொண்டே போகலாம். இன்னொன்று கான்ட் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910-களில் பிரபலப்படுத்திய படம் இது. நாட்கள் மேலே, வேலைகள் பக்கவாட்டில், ஒவ்வொன்றும் எத்தனை நாள் ஓடும் என்று நீளக் கோடு. எது முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்பது இதில் பளிச்சென்று தெரியும். பல பத்தாண்டு பழைய விஷயங்கள்தான் இன்று மாதச் சந்தாவுக்கு வந்திருக்கின்றன.

டூலைப் பார்க்கும் முன் வேலையைப் பாருங்க

யூடியூப்பில் 'டாப் 10' வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். எட்டு பேர் டீம் என்பதால் எல்லா டீமும் ஒன்றல்ல.

ஒரு ஜிஎஸ்டி கன்சல்டன்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. எண்பது கிளையன்ட் இருந்தால் ஒரே வேலை மாதம் எண்பது முறை திரும்பி வரும். இவர்களுக்குத் தேவை அழகான போர்டு இல்லை. தானாகவே மாதாமாதம் பிறந்து வரும் 'ரிப்பீட்' வேலைகளும், யாருடைய பேப்பர் இன்னும் வரவில்லை என்று வடிகட்டிக் காட்டும் பட்டியலும். ஒவ்வொரு மாதமும் எண்பது அட்டையைக் கையால் உருவாக்கச் சொல்லும் டூல் இந்த அலுவலகத்தில் இரண்டாவது மாதமே செத்துவிடும்.

சித்திரைத் திருவிழா நேரத்தில் பந்தல், ஒலி-ஒளி, ஃப்ளெக்ஸ் என்று ஓடும் டீமின் கதை வேறு. அழகர் ஆற்றில் இறங்கும் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. பிரிண்டிங் இரண்டு நாள் தாமதமானால் கட்டும் வேலை எத்தனை நாள் சுருங்கும் என்று கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடணும். அங்கே கான்ட் சார்ட் இருக்கும் டூல்தான் உதவும். அதுவும் லேப்டாப்பில் இல்லை, தல்லாகுளத்தில் ஏணி மேல் நிற்பவரின் போனில் திறக்கணும்.

வெப்சைட், ஆப் செய்யும் டீமுக்கு மூன்றாவது வகைத் தலைவலி. வேலை முடிந்த பிறகு வரும் பிழைகள், கிளையன்ட் கேட்கும் திருத்தங்கள், எந்தப் பதிப்பில் எதைச் சரிசெய்தோம் என்ற வரலாறு. டெவலப்பர்களுக்கென்றே செய்யப்பட்ட டூல்கள் இந்த இடத்தில்தான் தங்கள் விலையை நியாயப்படுத்துகின்றன.

இந்த மூன்றில் நாம் எது என்று தெரிந்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

களத்தில் இருப்பவர்கள்

சின்ன டீம்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது ட்ரெல்லோ. 2011-இல் வந்த கான்பான் போர்டு. பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். நெட் இல்லாதபோதும் போனில் அட்டையைத் திருத்தி வைத்தால் பிறகு தானே ஏற்றிக்கொள்ளும். வேலை பெருகி போர்டு பத்துப் பதினைந்தாகும்போதுதான் மூச்சு முட்டும். எல்லா போர்டையும் சேர்த்து 'இந்த வாரம் யாருக்கு என்ன வேலை' என்று பார்ப்பது இலவசத் திட்டத்தில் கஷ்டம். இதை 2017-இல் 425 மில்லியன் டாலருக்கு வாங்கியது ஆஸ்திரேலியாவின் அட்லாசியன்.

அதே அட்லாசியனின் சொந்தப் பிள்ளை ஜிரா, 2002-இல் வந்தது. பிழை கண்காணிக்கும் 'பக்ஸில்லா'வுக்குப் போட்டி என்பதால் காட்ஸில்லாவின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'வைச் சுருக்கி இந்தப் பெயர் வைத்தார்கள். பெரிய ஐடி நிறுவனங்களில் இதன் ஆட்சிதான். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்கள் இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பார்க்குக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அப்படிப்பட்ட இடங்களில் வேலைக்குப் போக நினைக்கும் பசங்களுக்கு ஜிரா தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஜிரா என்பது காய்கறி வாங்க லாரி எடுத்துப் போகிற கதை.

நம்ம ஊர்ப் பக்கம் ஸோஹோ. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆனது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசி பக்கத்து மத்தளம்பாறையிலிருந்து இயங்குவது ஊரறிந்த விஷயம். 2025-இல் அரட்டை ஆப் திடீரென்று பரபரப்பானபோதுதான் பலருக்கும் இந்தப் பெயர் தெரியவந்தது. ஆனால் ஸோஹோ ப்ராஜெக்ட்ஸ் 2006-லிருந்தே இருக்கிறது. கான்ட் சார்ட், நேரக் கணக்கு, ரிப்பீட் வேலைகள் எல்லாம் உண்டு. பில் ரூபாயில், ஜிஎஸ்டியோடு வரும். இந்தியக் கணக்குகளின் டேட்டா சென்னை, மும்பை டேட்டா சென்டர்களில் இருக்கும். குறை? முதல் பார்வையில் மெனுக்கள் கூட்டமாகத் தெரியும். ஒரு வாரமாவது உட்கார்ந்து செட் பண்ணணும். நம்மவர் தயாரிப்பு என்ற பாசத்துக்காக மட்டும் வாங்கி, செட் பண்ண ஆளில்லாமல் விட்டால் அதுவும் வீண்தான்.

அசானா, ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர் டஸ்டின் மாஸ்கோவிட்ஸும் ஜஸ்டின் ரோசன்ஸ்டைனும் 2008-இல் தொடங்கிய நிறுவனம். பட்டியலாகவே யோசிப்பவர்களுக்குப் பிடிக்கும். இஸ்ரேலின் மண்டே டாட் காம் வண்ண வண்ண எக்செல் மாதிரி இருக்கும். கிளிக்அப்பில் இல்லாத வசதியே இல்லை, அதுவே அதன் பிரச்சினையும். நோஷன் குறிப்பேடும் டேபிளும் கலந்தது. எழுதுகிற பழக்கம் உள்ள டீமுக்கு ஒத்துவரும். பேஸ்கேம்ப் 2004-லிருந்து எளிமையை விற்கிறது.

சந்தாவே வேண்டாம் என்பவர்களுக்கு ரெட்மைன், ஓபன்ப்ராஜெக்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் டூல்கள் இருக்கின்றன. ரெட்மைன் 2006-லிருந்து வருகிறது. சொந்தமாக ஒரு சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். எத்தனை பேர் பயன்படுத்தினாலும் லைசென்ஸ் காசு கிடையாது. ஆனால் அந்த சர்வரை அப்டேட் செய்ய, பேக்கப் எடுக்க, ராத்திரி படுத்துக்கொண்டால் எழுப்பிவிட ஒருவர் வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில்தான் 'இலவசம்' எவ்வளவு என்று தெரியும்.

விலைப் பலகையில் எழுதாத கணக்கு

'ஒரு ஆளுக்கு மாதம் 10 டாலர்' என்று வெப்சைட்டில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். சின்னத் தொகைதானே என்று தோன்றும். எட்டு பேருக்கு ஒரு வருடத்துக்கு 960 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்றால் 86,400 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 15,552. மொத்தம் 1,01,952 ரூபாய். டீ வாங்கப் போகும் பையனுக்கும் ஒரு லாகின் கொடுத்தால் அவருக்கும் 10 டாலர்தான்.

இந்த ஜிஎஸ்டி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஜிஎஸ்டி எண் கொடுக்காமல் வெளிநாட்டு கம்பெனியிடம் வாங்கினால் அவர்களே பில்லில் வரியைச் சேர்ப்பார்கள். எண் கொடுத்து வாங்கினால் 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் நீங்களே வரியைக் கட்டணும். அதையும் கையிலிருக்கும் வரி வரவை வைத்துக் கழிக்க முடியாது, பணமாகக் கட்டிவிட்டு, பிறகுதான் உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரவும் கிடையாது. உள்ளூர் பில்லாக வந்தால் இந்தச் சுற்று இல்லை.

அடுத்தது கார்டு. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. மாதாமாதம் தானாகக் காசு எடுக்க முன்கூட்டியே உங்கள் அனுமதி பதிவாகி இருக்கணும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வரணும், 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. வெளிநாட்டு சாஃப்ட்வேருக்கு இந்த அனுமதி ஒழுங்காகப் பதிவாகாமல் பேமென்ட் ஃபெயில் ஆவது சகஜம். ஆனது தெரியாமல் இருந்தால் ஒரு காலையில் மொத்த டீமும் 'ரீட் ஒன்லி'யில் நிற்கும்.

சீட் கணக்கும் கவனிக்கணும். மண்டே டாட் காம் போன்றவை கட்டணத் திட்டங்களை ஆளுக்கு ஆள் விற்காமல் 3, 5, 10 என்று கட்டுக்கட்டாக விற்கும். ஆறு பேர் டீம் பத்து பேருக்குக் காசு கட்டும். பேஸ்கேம்பில் ஆள் கணக்கு இல்லாமல் கம்பெனிக்கு ஒரே தொகை என்ற திட்டமும் உண்டு. முப்பது பேர் இருந்தால் லாபம், ஆறு பேருக்கு அநியாயம்.

அப்போ இலவசத் திட்டத்திலேயே இருந்துவிடலாமா? இருக்கலாம், ஆனால் அது வாடகை இல்லாத வீடு மாதிரி. ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் முன்பு எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்க முடிந்தது. 2024-இல் ஒரு பணியிடத்துக்கு 10 பேர் என்று வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் இருந்தால் போர்டுகளைப் பார்க்க மட்டும்தான் முடியும். வருடக்கணக்கில் அதில் வேலையைக் கொட்டி வைத்தவர்கள் ஒன்று காசு கட்டணும், இல்லை ஆளைக் குறைக்கணும்.

2022 ஏப்ரலில் என்ன நடந்தது?

சாஃப்ட்வேர் கம்பெனி பெரிசு, நம்ம டேட்டா பத்திரம் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் இது. 2022 ஏப்ரல் 5-ஆம் தேதி அட்லாசியன் நிறுவனம் ஒரு பழைய ஆப்பை நீக்குவதற்காக ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டியது. நீக்க வேண்டிய ஆப்பின் அடையாள எண்களுக்குப் பதிலாக, வாடிக்கையாளர்களின் மொத்தத் தளங்களின் எண்கள் அதில் இருந்தன. ஸ்கிரிப்ட் சொன்னதைச் செய்தது. சுமார் 775 நிறுவனங்களின் ஜிரா உள்ளிட்ட தளங்கள் மொத்தமாக நீக்கப்பட்டன.

பேக்கப் இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான தளங்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் வழி தயாராக இல்லை. கடைசி வாடிக்கையாளருக்குத் தளம் திரும்பக் கிடைத்தது ஏப்ரல் 18. சிலர் இரண்டு வாரம், யாருக்கு என்ன வேலை என்பதே தெரியாமல் நின்றார்கள். காரணம் என்ன என்று நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையில் முதலாவதாகச் சொன்னது, இரண்டு டீம்களுக்கு இடையே தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதைத்தான். டீம் வேலைக்கு சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிக்கே நம்ம வாட்ஸ்அப் குரூப் கதி!

மூடப்படும் டூல்களும் உண்டு. ஏராளமானோர் வைத்திருந்த வுண்டர்லிஸ்ட்டை 2015-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, 2020 மே மாதத்தோடு இழுத்து மூடியது.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டியது 'உள்ளே எப்படிப் போவது' என்பதை அல்ல, 'வெளியே எப்படி வருவது' என்பதைத்தான். எல்லா டூலிலும் 'எக்ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது என்ன கொடுக்கிறது என்று பாருங்க. ட்ரெல்லோவில் இலவசத்தில் கிடைப்பது ஜேசான் ஃபைல். சாதாரணமாகத் திறந்தால் அடைப்புக்குறிகளும் எழுத்துகளும்தான். எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி வேண்டுமென்றால் அதற்கு மேல்நிலைத் திட்டம் வாங்கணும். இணைத்த ஃபைல்கள் சேர்ந்து வருகிறதா என்பதும் டூலுக்கு டூல் மாறும்.

கஸ்டமர் ஆதாரை அட்டையில் ஒட்டலாமா?

சுருக்கமாகச் சொன்னால், கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். மாடி அறை ஆபீஸுக்கு அந்த உச்சம் வரப்போவதில்லைதான். ஆனாலும் கிளையன்டின் பான், ஆதார், பேங்க் பாஸ்வேர்டை எட்டு பேரும் பார்க்கும் அட்டையில் ஒட்டி வைத்திருக்கும் கணக்கு அலுவலகங்கள் அந்தப் பழக்கத்தை இப்போதே விடுவது நல்லது. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றைக்கே நீக்குவதும் இதே கணக்கில் சேரும்.

யார் முடிவு செய்யணும்?

பெரும்பாலும் ஓனர் முடிவு செய்கிறார். டெமோ பார்ப்பார்; டேஷ்போர்டில் வட்ட வட்டமாக வரைபடம் வரும், பிடித்துவிடும். ஆனால் தினமும் அதில் தகவல் போடப் போவது அவர் இல்லை. ஒரு வேலையை 'முடிஞ்சது' என்று குறிக்க போனில் ஆறு தட்டு தட்டணும் என்றால் டெலிவரிக்குப் போகிறவர் அதைச் செய்யமாட்டார். அவர் செய்யாவிட்டால் ஓனரின் வட்டப்படம் பொய் சொல்லும். எனவே டீமிலேயே கம்ப்யூட்டர் பழக்கம் குறைந்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அட்டைகளைத் தமிழிலேயே எழுதலாம், யூனிகோட் எல்லா டூலிலும் வேலை செய்யும். 'வண்டி வந்துருச்சு, ஆள் இல்ல' என்று எழுதினால் போதும். இங்கிலீஷ் தெரியலையே என்று ஒருவர் ஒதுங்கிவிட்டால் அவர் வேலை மறுபடி வாட்ஸ்அப்புக்கே போகும்.

இன்னொரு சிக்கல், நேரக் கணக்கு வசதி. யார் எத்தனை நிமிடம் வேலை பார்த்தார் என்று காட்டும். கிளையன்டுக்கு மணிக்கணக்கில் பில் போடும் டீமுக்கு அது அவசியம். மற்ற இடங்களில் அதை முதல் நாளே ஆன் செய்தால், டூல் வந்ததே நம்மை வேவு பார்க்க என்று டீம் முடிவு கட்டிவிடும். பிறகு என்ன செய்தாலும் அந்த நம்பிக்கை திரும்பாது.

சோதித்துப் பார்க்க அதிகம் வேண்டாம். இரண்டே இரண்டு டூல், ஒரு உண்மையான வேலை, இரண்டு வாரம். பொய்யான 'டெஸ்ட் புராஜெக்ட்' வைத்துப் பார்த்தால் எல்லா டூலும் நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு வாரமும் அந்த ஒரு வேலையைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரும் பேசக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூணாவது நாளே யாராவது பேசுவார்கள். ஏன் பேசினார் என்று அவரிடம் கேட்டால், டூலில் என்ன குறை என்று தெரிந்துவிடும்.

மூன்று பேர், மாதம் நாலு வேலை என்றால் இத்தனையும் தேவையே இல்லை. ஒரு கூகுள் ஷீட்டில் ஐந்து பத்தி: வேலை, யார், எப்போது, நிலை, குறிப்பு. காசு கிடையாது, எல்லோருக்கும் தெரிந்தது, எக்ஸ்போர்ட் கவலையும் இல்லை. ஒரே வரியை இரண்டு பேர் மாற்றிச் சண்டை வரும்போதோ, கடைசித் தேதியை ஷீட் நினைவூட்டாமல் ஒரு வேலை தவறிப்போகும்போதோ டூலுக்கு மாறினால் போதும்.

மாறிய பிறகு மாதம் ஒரு நாள் குறித்து, எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை ஆபீஸ் ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள். முதல் முறை போட்டதும் அதைத் திறந்து, போன மாதம் முடித்த ஏதாவது ஒரு வேலையைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், சந்தாவைப் புதுப்பிக்கும் முன்பே அடுத்த டூலைப் பார்க்கத் தொடங்கிவிடலாம்.